வந்த நேரம், போன நேரம்

நம் நடைக் கூட்டத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். காலை ஆறு மணிக்குக் கண்டி வாவியைச் சுற்றி வருகிற ஏழெட்டுப் பேர் நாம். சர்க்கரை, அழுத்தம், முழங்கால் என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறோம். நடப்பதைவிடப் பேசுவதுதான் அதிகம் என்பது நமக்கே தெரியும்.

நேற்று நடந்ததை எல்லாரும் பார்த்தீர்கள். கெலிஓயாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற நம் தபாலதிபர் (ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் அந்தப் பட்டத்தை நாம் அவரிடமிருந்து பறிக்கவில்லை) மரத்துக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அறுபத்தாறு வயது மனிதர், எட்டாம் வகுப்புப் பையனைப்போல. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவளுக்கு அந்தக் கை தெரியாதா? விட்டுத் தொலைக்கக்கூடாதா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "இனி விட்டு என்னங்க டீச்சர் ஆகப்போகுது? எரிஞ்சது எரிஞ்சதுதானே" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு நான் சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. அது வாவிக்கரையில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை.

என் அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், இன்றைக்கு நாம் குட்ஷெட் என்று சொல்கிற பக்கம், தகரக்கூரை போட்ட ஒரு சின்னக் கூண்டு. அதற்குள் ஒரு கதிரை, ஒரு மேசை, ஒரு மணிக்கூடு. எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று டைம் ஷீட்டில் எழுதுவதும், நேரமானதும் வெளியே வந்து விசில் அடித்து அனுப்புவதும், பின்னுக்கு வருகிற பஸ்ஸை விசிலாலேயே நிறுத்துவதும் அவருடைய வேலை. சும்மா நிற்கிற வேலைதானே என்று மாமாமார் சொல்வார்கள். மழையிலும் டீசல் புகையிலும் பத்து மணி நேரம் சும்மா நின்று பார்த்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

டைம் கீப்பருக்கு சிகரெட் நீட்டுவது டிரைவர்மார் காட்டும் மரியாதை. பிந்தி வந்தவர் நீட்டுவார், முந்திப் போக வேண்டியவர் நீட்டுவார், ஒன்றுமே வேண்டாதவரும் பழக்கத்துக்கு நீட்டுவார். வேண்டாம் என்று சொன்னால் உன்னோடு எனக்கு மனஸ்தாபம் என்று அர்த்தம். அதனால் அப்பா எல்லாவற்றையும் வாங்குவார். ஒன்று வாயில், ஒன்று வலது காதில், ஒன்று இடது காதில், மிச்சம் சட்டைப் பையில். காதில் சிகரெட் வைப்பதும் அவருடைய காக்கி உடுப்பின் ஒரு பகுதி என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஸ்டாண்டுத் தேத்தண்ணிக் கடை வாசலில் ஒரு தென்னங்கயிறு தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? அதன் நுனி பகல் முழுக்கக் கனன்றுகொண்டே இருக்கும். நெருப்புப்பெட்டி இல்லாதவர்கள் அதில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு போவார்கள். ஒன்று தீர்ந்தால் கடைக்காரர் இன்னொன்றைக் கட்டுவார். கருகிய தும்பு, டீசல், புகையிலை, வியர்வை எல்லாம் கலந்த வாசனைதான் எனக்கு அப்பாவின் வாசனை. உண்மையைச் சொல்ல வேண்டும், அது எனக்குப் பிடிக்கும். அவர் வேலைக்குப் போனபிறகு அவருடைய தலையணையில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருப்பேன்.

எங்கள் வீடு மகியாவையில், மலைச்சரிவில். ரோட்டிலிருந்து தொண்ணூற்றாறு படி. பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஸ்டாண்டுக்குப் போய்க் கூண்டுக்குள் இருந்து வீட்டுப்பாடம் எழுதுவேன், வேலை முடிந்ததும் அப்பாவும் நானும் ஒன்றாக வீட்டுக்குப் போவோம். அந்தப் படியில் அவர் ஐந்து இடத்தில் நிற்பார். முதலாவது, பொதுக்குழாயடி. கால் கழுவுவார். அடுத்தது கொய்யா மரம். பிஞ்சு விட்டிருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார். மூன்றாவது தையல்காரர் வீட்டு வாசல். அங்கே மெஷினுக்குப் பின்னால் இருக்கிற தையல்காரரிடம் "என்னாப்பா, வேலை எப்பிடி" என்று கேட்டுவிட்டு, அவர் நீட்டி முழக்கிச் சொல்கிற பதில் முடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான்காவது, உடைந்த படி. சப்பாத்து நாடாவைக் கட்டுவார். ஐந்தாவது லைட் கம்பம். அங்கே திரும்பி நின்று, கீழே தெரிகிற கண்டி முழுவதையும் பார்ப்பார். வாவி, மாளிகைக் கூரை, அந்தப் பக்கத்து மலை.

உலகத்திலேயே என் அப்பாதான் எதையும் நின்று நிதானமாக ரசிக்கத் தெரிந்தவர் என்று நினைத்தேன். வகுப்பில் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். என் தந்தை இயற்கையை நேசிப்பவர் என்று. டீச்சர் "நன்று" போட்டார். அவர் மூச்சு வாங்க நின்றார் என்பதும், அந்த ஐந்து இடத்துக்கும் ஐந்து சாக்கு வைத்திருந்தார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? பத்து வயது.

பேக்கரி வாசலில் பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நின்ற காலம் அது. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஒரு நாள் பின்னேரம், நான் கூண்டுக்குள் இருக்கும்போது, ஒரு பஸ் பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் பின்னால் கீரைக்காரக் கிழவி ஒருத்தி, நனையாமல் கட்டுகளை மூடுவதற்காகக் குனிந்திருந்தார். அப்பா விசிலை வாயில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை. மெல்லிய ஒரு சீறல் வந்தது, அதற்குப் பிறகு இருமல் வந்தது. இரண்டாய் மடிந்து இருமினார். பஸ் வந்துகொண்டே இருந்தது. யாரோ மூட்டை தூக்குகிறவர் ஓடிவந்து பஸ்ஸின் பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். அது கூடைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. கிழவி டிரைவரைத் திட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கூண்டுக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்து, விசிலைச் சட்டையில் துடைத்து, மறுபடியும் ஊதிப் பார்த்தார். பிழை விசிலில் இருக்கும் என்று நம்ப ஆசைப்பட்டார் போலிருக்கிறது. அன்றைக்குப் படியேறும்போது ஆறு இடத்தில் நின்றார். ஆறாவது இடத்துக்கு அவரிடம் சாக்கு இருக்கவில்லை.

மறுநாள் காலை எனக்குக் காது வலிக்கிறது என்று அம்மாவிடம் சொன்னார். எனக்கே அப்போதுதான் அது தெரியும். என்னைக் கூட்டிக்கொண்டு கீழே ஒரு டாக்டரிடம் போனார். யாழ்ப்பாணத்து அம்மா, மெல்லிய உருவம், கண்ணாடி. என் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். "இந்தக் காதில ஒண்டுமில்லையே. இருமுறது ஆர்?" என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எத்தனை வயதில் தொடங்கினது, நாளுக்கு எத்தனை என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பதினைந்து வயதில் தொடங்கினது. எத்தனை என்று அப்பாவுக்கே தெரியாது, கொடுக்கக் கொடுக்கப் பிடிப்பதுதானே. டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார், நெஞ்சைப் படம் எடுக்கச் சீட்டு எழுதினார். பிறகு அப்பா கேட்டார், நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது, இனி விட்டு ஏதும் பிரயோசனம் இருக்கிறதா என்று. நேற்று தபாலதிபர் கேட்ட அதே கேள்வி. அதனால்தான் எனக்கு நேற்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

"ஓம், இருக்கு" என்றார் டாக்டர். "போனதெல்லாம் திரும்பி வராது. ஆனா விட்ட நாளில இருந்து போறது குறையும். அறுவது வயதில விட்டாலும் எழுவது வயதில விட்டாலும் அது அப்பிடித்தான். இதயத்துக்கும் நல்லது, இரத்த ஓட்டத்துக்கும் நல்லது, அந்தப் படியில நிக்கிறதும் குறையும்." வீட்டுப் படியில் அப்பா ஐந்து இடத்தில் நிற்பதை நான்தான் இடையில் சொல்லியிருந்தேன்.

வழியும் சொன்னார். ஒரு நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும், அந்த நாளோடு முற்றாக நிறுத்த வேண்டும். வீட்டாருக்கும் வேலை செய்கிற இடத்திலும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வாய்க்கு ஏதாவது மெல்ல வேண்டும், கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். இரண்டு விஷயத்தை மட்டும் விரலை நீட்டிச் சொன்னார். ஒன்று, ஆசை வரும்போது கொஞ்சம் பொறுக்க வேண்டும். அது வரும், ஏறும், தானாகப் போய்விடும், பத்து நிமிஷம் தாங்காது. மற்றது, முதலில் இருமல் கூடும். உள்ளே கிடக்கிற அழுக்குச் சளி வெளியே வருவதுதான் அது, பயப்படக் கூடாது. இரத்தம் கண்டால் மட்டும் உடனே வரவேண்டும்.

வெளியே வந்ததும் அப்பா என்னிடம், "அம்மாட்ட சொல்லாத, பயந்துக்கும்" என்றார். விசிலைப் பற்றியும் சொல்லக் கூடாது. மூச்சில்லாத டைம் கீப்பர் என்று டிப்போவில் தெரிந்தால் வேலைக்கு என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு. டாக்டர் சொன்ன அத்தனையையும் செய்தவர், சொல்லிவிடுங்கள் என்றதை மட்டும் செய்யவில்லை. பெரியவர்களின் கெட்டித்தனம் இப்படித்தான், எங்கே ஓட்டை இருக்க வேண்டுமோ அங்கேதான் இருக்கும்.

வரும் வழியில் அக்குறணைக்காரர் ஒருவருடைய சரக்குக் கடையில் கிராம்பு வாங்கினார். அந்த முதலாளி அப்பாவுக்குப் பழக்கம், அண்ணன் முறை வைத்து அவரை நானா என்றுதான் அப்பா கூப்பிடுவார். எதற்குக் கிராம்பு என்று கேட்டு, சங்கதி தெரிந்ததும், இரண்டு கை அள்ளிப் பொட்டலம் கட்டித் தந்தார். தானும் ஒரு காலத்தில் பிடித்தவர்தானாம். "நோம்புக்குப் பகல் முழுக்க இருக்க ஏலும் எண்டா, நோம்பு தொறந்த பொறகு மட்டும் ஏன் ஏலாது? அத ஒரு நாள் யோசிச்சேன் தம்பி, அதோட சரி" என்றார். அப்பா ஒரு கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார். அந்த வருஷம் முழுக்க அப்பாவின் வாசனை மாறிப்போனதற்கு அந்தப் பொட்டலம்தான் ஆரம்பம்.

வெள்ளிக்கிழமை குறித்தார். அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், வீட்டுக்கு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்தார். நான் ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தார். பிறகு சட்டென்று நின்று, பையிலிருந்து மடித்த ஒரு பழைய டைம் ஷீட்டை எடுத்தார். பின்பக்கம் வெறுமை. பென்சிலையும் என்னிடம் தந்து, "பாப்பா, எழுது. வந்துருச்சு" என்றார்.

என்ன வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. சுவர் மணிக்கூட்டைப் பார்த்து, வந்த நேரம் ஆறு பத்து என்று எழுதச் சொன்னார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்த்தது. ஆறு பதினேழுக்கு நீளமாக மூச்சு விட்டு, "போயிருச்சு, எழுது" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இருபத்தைந்து வருஷமாக அவர் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான், வருகிற பஸ் எல்லாம் போகும். எவ்வளவு சத்தம் போட்டு வந்தாலும், ஸ்டாண்டையே அடைத்துக்கொண்டு நின்றாலும், நேரமானால் போய்விடும். டாக்டர் சொன்னதை அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். டைம் ஷீட்டில் பஸ் எங்கே போகிறது என்று எழுதுகிற இடத்தில் இதற்கு என்ன எழுத என்று கேட்டேன். "அது போனாச் சரி, எங்க போனா நமக்கென்னா" என்றார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஸ்டாண்டில் இருக்கும்போது அவரே எழுதிக்கொள்வார், வீட்டில் நான் எழுதுவேன். முதல் நாள் தாளில் இடம் போதவில்லை. இரண்டாம் நாள் இன்னும் மோசம். அதோடு டிரைவர்மாரின் மரியாதை வேறு. அவர்களுக்கும் அப்பா சொல்லவில்லை. நீட்டியதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, பிடிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் தருவார். நான் அவற்றை ஒரு பெரிய பிஸ்கட் டின்னில், வெண்கட்டி அடுக்குவதுபோல அடுக்கிவைப்பேன். ஒரு வாரத்தில் அடி மறைந்துவிட்டது. பதினைந்து நாளில் பாதி டின். மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். இத்தனையும் இந்த ஒரு மனிதருக்குள் போயிருக்கும் என்பதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

ஏன் தூர வீசவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். இன்றைக்கு யாரும் கேட்டால் முதல் வேலையாக அதைத்தான் செய்யச் சொல்வேன். அன்றைக்கு வீட்டில் எதையும் வீசும் பழக்கம் இருக்கவில்லை.

கைக்கு வேலை வேண்டுமே. வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவு முழுவதையும் மண்வெட்டியால் கொத்திவிட்டார். சோறு சாப்பிட்டதும் வழக்கமாக உட்காருகிற கதிரையில் உட்காராமல் நேரே அந்தச் சரிவுக்குப் போய்விடுவார், அந்தக் கதிரைக்கும் சிகரெட்டுக்கும் அவ்வளவு உறவு. இரண்டு தரம் நான் எழுதிக்கொண்டிருந்த கொப்பியைப் பிடுங்கி எறிந்தார். இரண்டு தரமும் பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவுக்கு அவர் நிறுத்தியது தெரியும், மணத்திலேயே தெரியாதா? பத்து வருஷமாகச் சண்டை பிடித்துக் கேட்டது கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். டாக்டரைப் பற்றியோ விசிலைப் பற்றியோ அவருக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாம் வாரம் இருமல் கூடியது. டாக்டர் சொன்னபடிதான், ஆனால் சொன்னதைக் கேட்பது வேறு, பக்கத்தில் இருந்து பார்ப்பது வேறு. காலையில் எழும்பினால் அரை மணி நேரம் இருமல். கறுப்பாகச் சளி. படியில் ஏழு இடத்தில் நின்றார். அயலில் உள்ளவர்கள் அம்மாவிடம் சொல்லத் தொடங்கினார்கள், முப்பது வருஷம் புகையில் ஊறின உடம்பு, திடீரென்று நிறுத்தினால் முறிந்துவிடும் என்று. ஒருவர் தன் சித்தப்பா சிகரெட்டை விட்டு ஒரே மாதத்தில் போய்ச் சேர்ந்ததாகச் சொன்னார். அந்தச் சித்தப்பா எவ்வளவு முற்றிய நோயோடு விட்டார் என்பதை யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம், நல்ல மழை. அப்பா யன்னலடியில் பாயில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். நிற்கவே இல்லை. கண் சிவந்து, முகம் கறுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. அம்மா கோப்பையில் விழுந்த சளியைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளே போனார். டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

அம்மா அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து சிகரெட் நுனியில் வைத்தார். அது சும்மா கருகியதே தவிரப் பற்றவில்லை. இழுத்தால்தான் பற்றும். அம்மா அதை வாயில் வைத்து இழுத்தார். வாழ்நாளில் முதல் தடவை. அவருக்கும் இருமல் வந்தது. கண்ணில் நீர் வழிய, அந்த எரிகிற சிகரெட்டைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார்.

"ஒன்னே ஒன்னு இழுங்க. நான் விடச் சொன்னது தப்புதான். நீங்க இருந்தாப் போதும்."

அப்பா அதைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் தெரியும். மூன்று வாரமாக டிரைவர்மார் நீட்டியதை வாங்கியவர்தான், ஆனால் அவை எரியாத சிகரெட்டுகள். இது எரிந்துகொண்டிருந்தது, அதுவும் அம்மாவின் கையில். அவருடைய கை மெதுவாக மேலே எழும்பியது.

சுவர் ஆணியில் தொங்கிய டைம் ஷீட்டை நான் எப்படி எடுத்தேன் என்று ஞாபகம் இல்லை. "அப்பா, வந்துருச்சு" என்றேன். என் குரல் எனக்கே கேட்காததுபோல இருந்தது. "அஞ்சு ரெண்டு."

கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். "எழுது" என்றார்.

எழுதினேன். பிறகு அப்பாவின் சொல்லை மீறினேன். இருமல் கூடும் என்று டாக்டர் சொன்னதை, அழுக்குத்தான் வெளியே வருகிறது என்று சொன்னதை, எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். எந்த டாக்டர் என்று அம்மா கேட்டார். எனக்கு வலிக்காத காதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பாதியில் அப்பாவே பேச்சை வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். கீரைக்காரக் கிழவியைப் பற்றியும் சொன்னார். "ஊதுனேன், சத்தம் வரல. அந்தம்மா செத்திருக்கும். அதான் விட்டேன்" என்றார். அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். சிகரெட் அவர் கையில் எரிந்துகொண்டே இருந்தது. சாம்பல் நீண்டு சீமெந்துத் தரையில் விழுந்தது. அதை அணைக்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் தோன்றவில்லை. நெருப்பு விரலைச் சுட்டபிறகுதான் அம்மா அதை யன்னல் வழியாக மழைக்குள் எறிந்தார்.

"போயிருச்சு" என்றார் அப்பா.

ஐந்து பதினொன்று. ஒன்பது நிமிஷம். நான் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். சிவனொளிபாத மலையை வெறுங்காலோடு ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன், கோயிலில் தீ மிதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கைக்கெட்டும் தூரத்தில் எரிகிற சிகரெட்டை வைத்துக்கொண்டு ஒன்பது நிமிஷம் அசையாமல் இருந்த என் அப்பாவைப்போல யாரையும் பார்க்கவில்லை. இத்தனை வயதிலும் நினைத்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அம்மா என்னிடமிருந்து தாள்களை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்று வாரம்.

"இவ்வளவு தரமா வந்துச்சு?" என்றார். கடைசி வரியில் விரலை வைத்து, "இவ்வளவு தரமும் போயிருச்சா?" என்றார்.

அதன்பிறகு நேரம் எழுத, அம்மாவும் நானுமாக, வீட்டில் இரண்டு டைம் கீப்பர்மார். அப்பா மறுநாளே டிரைவர்மாரிடம் சொன்னார். இவ்வளவு நாளும் பயந்த மனஸ்தாபம் ஒன்றும் வரவில்லை. சிகரெட்டுக்குப் பதிலாகத் தோடம்பழம் நீட்டத் தொடங்கினார்கள். டின்னில் இருந்தவற்றை அம்மா குப்பைக்குழியில் கொட்டி மண் போட்டு மூடினார். டின்னைக் கழுவித் தைப்பொங்கலுக்கு முறுக்கு போட்டுவைத்தார். இரண்டு பொங்கலுக்கு எங்கள் வீட்டு முறுக்கில் புகையிலை வாடை அடித்தது.

இருமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. மார்கழியில் ஒரு நாள் ரசத்தை வாயில் வைத்துவிட்டு, உப்புக் கரிக்கிறது என்றார் அப்பா. அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வருஷக்கணக்காக, ருசியே இல்லை என்று சொல்லிச் சொல்லி, உப்பையும் புளியையும் கூட்டிக்கொண்டே போனது யாருக்காக? நானும் அந்த உப்பைத் தின்றே வளர்ந்திருந்தேன். நாக்கு அவருக்குத் திரும்பி வந்திருக்கிறது என்பது விளங்கியதும் அம்மா சிரிக்கத் தொடங்கினார். மூக்கும் வந்தது. ஒரு நாள் படியில் நின்று, என்னா வாசம் என்று கேட்டார். கொய்யாப் பழுத்திருந்தது. அந்த மரத்தடியில் எத்தனை வருஷம் நின்றவர், அதற்கு வாசனை உண்டு என்பதே மறந்துபோயிருந்தார்.

படியில் நிற்பதும் குறைந்தது. முதலில் உடைந்த படியில் நிற்காமல் போனார். பிறகு குழாயடி. பிறகு கொய்யா மரம். நான் பின்னால் வந்து எண்ணிக்கொண்டே இருப்பேன், வாயைத் திறந்தால் நின்றுவிடுவாரோ என்று பேசாமல். மாசியில் ஒரு நாள் தையல்காரர் வாசலையும் கடந்து போய்விட்டார். அதுதான் பிரச்சினையானது. நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தையல்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "என்னாண்ணே, நான் என்னா தப்பு பண்ணேன், வாசல்ல நிக்காமப் போறீங்க" என்றார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. வருஷக்கணக்காக ஒவ்வொரு நாளும் தன் சுகத்தைக் கேட்க ஒரு மனிதர் நிற்கிறார் என்று அவர் நம்பியிருந்தார். மூச்சு வாங்கத்தான் நின்றேன் என்று அப்பா அவரிடம் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அந்த வாசலில் மட்டும் நின்றார், சுவரைப் பிடிக்காமல், பதில் முழுவதையும் கேட்டுவிட்டு. லைட் கம்பத்திலும் நின்றார். என் கட்டுரை அதற்குப் பிறகுதான் உண்மையானது.

அந்த மாசியிலேயே ஒரு நாள், நான் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தேன். மழை விட்டு ஊர் அமைதியாக இருந்தது. கீழே எங்கேயோ ஒரு விசில், நீளமாக, அறுபடாமல். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "உங்கப்பா" என்றார். ஸ்டாண்டு அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். வேறு யாருடைய விசிலாகவும் இருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பா எண்பத்து நான்கு வயதுவரை இருந்தார். பழுதான நெஞ்சுதான், டாக்டர் சொன்னபடி போனது திரும்பி வரவில்லை, மழைக்காலத்தில் இழுக்கும். ஆனால் விட்டபிறகு முப்பத்தாறு வருஷம். என் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தத் தொண்ணூற்றாறு படியையும் ஏறியிருக்கிறார்.

அம்மா அவருக்கு முன்னால் போய்விட்டார். அப்போது அப்பாவுக்கு எழுபத்தொன்று. சிகரெட்டை விட்டு இருபத்து மூன்று வருஷம். மயானத்திலிருந்து எல்லாரும் வந்து குளித்து, முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா தனியாக, மழைக்குள் சிகரெட் போன அந்த யன்னலடியில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். அவர் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியில் வியர்வை.

"பாப்பா, வந்துருச்சு" என்றார். "எழுது."

எனக்கு முப்பத்துமூன்று வயது, இரண்டு பிள்ளைக்குத் தாய். பென்சில் தேடி ஓடினேன். தாள் கிடைக்கவில்லை, மரண அறிவித்தல் துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன். நான்கு நாற்பது. பக்கத்தில் உட்கார்ந்தேன். முற்றத்தில் யாரோ பிடித்த சிகரெட் புகை யன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை போகாது என்று நான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். நான்கு ஐம்பத்து மூன்று ஆனது.

"போயிருச்சு" என்றார். பிறகுதான் அம்மாவுக்காக அழுதார்.

தபாலதிபர் அவர்களே, எரிந்தது எரிந்ததுதான். எரியாமல் மிச்சம் இருப்பதைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். டாக்டரிடம் போங்கள், இப்போது அதற்கு மருந்தும் இருக்கிறதாம், என் அப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. வீட்டில் சொல்லிவிடுங்கள், எங்களிடமும் சொல்லிவிடுங்கள், முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோகாதீர்கள். நாளைக்குக் காலை நான் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு வருகிறேன். வந்தால் சொல்லுங்கள், நேரத்தை நான் எழுதுகிறேன். அது போகும்வரை பக்கத்தில் இருப்பேன்.